பத்துப் பேர் ட்ராக், ஒரே தொகுப்பு: எல்லையோர எலக்ட்ரானிக் இசைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள வாளையாருக்கு இந்தப் பக்கம் கோவையும் பொள்ளாச்சியும், அந்தப் பக்கம் கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர். இரண்டு பக்கமும் வீட்டிலேயே சோதனை முயற்சியாக எலக்ட்ரானிக் நடன இசை போடுகிறவர்கள், சின்ன லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) பெயரில் தொகுப்பு வெளியிட இறங்கும்போது கேட்டவை இவை. மாஸ்டரிங் (வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்வது), வெளியீடு இரண்டிலும் கைப்பழக்கம் உள்ள ஒருவர் பதில் சொல்கிறார்.

வேலந்தாவளம்: அண்ணா, எங்க முதல் தொகுப்புக்கு 18 பேர் ட்ராக் குடுத்திருக்காங்க. யாரையும் விட மனசு வரல. எல்லாத்தையும் போட்டுடலாமா?

வேண்டாம் தம்பி. ஆளுக்கு ஆறு நிமிடம் என்றாலே 108 நிமிடம் ஆகிவிடும். பின்பாதியில் மாட்டிக்கொண்டவர்களின் ட்ராக்கை அவர்கள் வீட்டார்கூடக் கேட்க மாட்டார்கள். 8 முதல் 10 ட்ராக், மொத்தம் 50 நிமிடம். மீதியை அடுத்த தொகுப்புக்கு வையுங்கள். அதை அவர்களிடம் இப்போதே சொல்லியும் விடுங்கள்.

தேர்வு செய்யும்போது ட்ராக்கைத் தனியாக வைத்து மார்க் போடாதீர்கள். ஒன்றின் கடைசி 30 விநாடி, அடுத்ததின் முதல் 30 விநாடி, இரண்டையும் ஒட்டிக் கேளுங்கள். பத்து ட்ராக்குக்கு ஒன்பது ஒட்டு. ஒட்டு உறுத்தினால் வரிசையை மாற்றுங்கள். 100 பிபிஎம்-க்கு (நிமிடத்துக்கு 100 அடி) அடுத்து 140 வந்தே தீர வேண்டும் என்றால், நடுவில் தாளமே இல்லாத இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை வைத்தால் காது பழைய வேகத்தை மறந்துவிடும். 1992-ல் ஷெஃபீல்டின் வார்ப் லேபிள் வெளியிட்ட 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' தொகுப்பு இன்றும் பேசப்படுவதற்குக் காரணம், வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்கான எலக்ட்ரானிக் இசை என்ற ஒரே எண்ணத்தில் அது கோக்கப்பட்டதுதான். உங்கள் எண்ணத்தை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். வரவில்லையென்றால் தொகுப்பு இன்னும் தயாராகவில்லை.

கஞ்சிக்கோடு: ஆர்ட்டிஸ்டுகளிடம் எந்த மாதிரி ஃபைல் கேட்க வேண்டும்? ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி அனுப்புகிறார்கள்.

24 பிட் வேவ், அதாவது சுருக்காத ஒலி ஃபைல். ப்ராஜெக்ட் எந்த சாம்பிள் ரேட்டில் செய்யப்பட்டதோ அதே ரேட்டில் வரட்டும், 44.1 கிலோஹெர்ட்ஸை அவர்கள் 48 ஆக்கவும் வேண்டாம், 48-ஐ 44.1 ஆக்கவும் வேண்டாம். அந்த மாற்றத்தை மாஸ்டரிங்கில் ஒரே ஆள், ஒரே முறை செய்யட்டும். உச்ச அளவு மைனஸ் 6 டெசிபல் பக்கம் இருக்கட்டும். மாஸ்டர் சேனலில் லிமிட்டர் (உச்சத்தை அமுக்கிச் சத்தத்தைக் கூட்டும் கருவி) கூடாது. லிமிட்டர் போட்டால்தான் தன் ட்ராக்கின் ஒலி வருகிறது என்று ஒருவர் அடம்பிடித்தால், போட்டது ஒன்று, போடாதது ஒன்று என இரண்டும் வாங்கிக்கொள்ளுங்கள். சண்டையை விட அது மலிவு.

வழக்கமாகச் சொதப்புவது மூன்று இடங்களில். முதலாவது, எம்பி3-யை வேவ் ஆக மாற்றி அனுப்புவது. ஒலியின் அலைவரிசைகளைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் திறந்தால் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கத்தியால் நறுக்கியதுபோல மேல்பகுதி இல்லாமல் இருக்கும். அது 128 கேபிபிஎஸ் ஃபைலின் தழும்பு. 320 என்றால் வெட்டு 20 பக்கம் ஏறிவிடும், கண்டுபிடிப்பது கொஞ்சம் சிரமம். இரண்டாவது, கடைசி கிக் (அடி டிரம்) முடிந்ததும் எக்ஸ்போர்ட்டை நிறுத்திவிடுவது. ரிவெர்ப் வால் (தேய்ந்து மறையும் எதிரொலி) அறுபட்டு வரும். கடைசி ஒலிக்குப் பிறகு பத்து விநாடி காலி விடச் சொல்லுங்கள். மூன்றாவது, 'ஃபைனல் புதுசு 2' என்ற ஃபைல் பெயர். பத்துப் பேரும் இப்படி அனுப்பினால் தப்பான வெர்ஷன் வெளியே போவது நிச்சயம். பெயர், ட்ராக், பிபிஎம், தேதி: இந்த வரிசையில் இல்லாத ஃபைலைத் திறக்கவே மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சித்தூர்: அண்ணா, கோயில் திருவிழாவில் பதிவு செய்த பஞ்சாரி மேளத்தை (கேரளக் கோயில் செண்டை மேளம்) 128 பிபிஎம் கிக்கோடு சேர்க்கிறேன். எட்டு பார் (பாருக்கு நான்கு அடி) தாண்டுவதற்குள் கழன்றுகொண்டு போகிறது. வார்ப் செய்தால், அதாவது வேகத்தை இழுத்துப் பொருத்தினால், இலத்தாளம் (கைத்தாளம்) நாசமாகிறது.

நல்ல கேள்வி. இதில் இரண்டு சிக்கல் பின்னிக் கிடக்கிறது. ஒன்று கணக்கு, இன்னொன்று வேகம்.

கணக்கை முதலில் பார்ப்போம். பஞ்சாரி ஐந்து காலங்களில் நடக்கும்: முதலாவதான பதிகாலம் 96 அட்சரம் (தாள அலகு), பிறகு 48, 24, 12, 6. நடனத் தளத்துக்கு ஏற்றது ஐந்தாம் காலம், அதாவது 6. உங்கள் கிக் நான்கு நான்காகப் போகிறது. ஒரு அட்சரத்துக்கு ஒரு கிக் என்று வைத்தால் இரண்டும் 12 அடிக்கு ஒரு முறைதான் தலை சேரும், மூன்று பார். நீங்கள் எட்டு பாருக்கு வெட்டுகிறீர்கள், எட்டு மூன்றால் வகுபடாது. அதனால்தான் கழல்கிறது. பகுதிகளை 24 பாராக வையுங்கள். டிஜேக்கு வேண்டிய எட்டின் மடங்கும் கிடைக்கும், பஞ்சாரிக்கு வேண்டிய மூன்றின் மடங்கும் கிடைக்கும். 24 பார் என்றால் 96 அடி, 128 பிபிஎம்-மில் சரியாக 45 விநாடி. 96 என்பது பதிகாலத்தின் எண்ணிக்கையேதான். மேளக்காரர்கள் போட்ட கணக்குக்குள் உங்கள் டெக்னோ தானாக வந்து உட்காருகிறது!

அடுத்தது வேகம். மேளம் ஏறிக்கொண்டே போகும், அதன் உயிரே அதில்தான். அதை 128-இல் கட்டிப்போட இழுத்தால் இலத்தாளத்தின் சிலிர்ப்பு கூழாகிவிடும். ஐந்து சதவீதத்துக்கு மேல் இழுக்காதீர்கள். மேளத்தை அப்படியே விட்டு, ப்ராஜெக்டின் டெம்போவை மேளத்துக்குப் பின்னால் ஆட்டோமேஷனில் ஓட்டுங்கள். கிக் மேளத்தைத் துரத்தட்டும். குறியிடும்போது சாஃப்ட்வேரை நம்ப வேண்டாம், அது இலத்தாளத்தின் கூர்மையைப் பிடித்துக்கொள்ளும். தாளம் பிடிக்கும் வீக்கன் செண்டையின் அடியைக் காதால் கேட்டு, கையால் ஒவ்வொரு தாளவட்டத்தின் தலையிலும் ஒரு குறி போதும்.

அடுத்த முறை பதிவு செய்யும்போது செண்டை வரிசைக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள், உச்சம் மைனஸ் 12-ஐத் தாண்டக் கூடாது. 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருக்கிறதே என்ற தைரியம் ஆகாது. அது பதிவைக் காப்பாற்றும், மைக்கின் தகடு திணறுவதைக் காப்பாற்றாது. இன்னொன்று, வாசிப்பவர்களுக்கும் சட்டப்படி உரிமை உண்டு, 50 ஆண்டு. மேளத்தை நடத்தும் பிரமாணியிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், வாசித்தவர்கள் பெயரை அட்டையில் போடுங்கள். 'நாட்டுப்புற சாம்பிள்' என்று எழுதுவது அவமரியாதை.

பொள்ளாச்சி: தறிக்கூடத்தில் பதிவு பண்ணின சத்தத்தைக் கீழே ஓடவிட்டேனுங்க. கிக் ஜி சுருதியில் இருக்குது. ஏனோ அடிப்பகுதி மேலும் கீழும் அலையற மாதிரி இருக்குதுங்க.

உங்கள் பதிவில் மின்சார ரீங்காரம் ஏறியிருக்கிறதுங்க. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கீழ் ஜி 49 ஹெர்ட்ஸ். ஒன்றோடொன்று மோதி விநாடிக்கு ஒரு முறை அலை எழும்பும். ஒன்று, 50, 100, 150 மூன்றிலும் குறுகிய நாட்ச் (அந்த அலைவரிசையை மட்டும் வெட்டும் வடிகட்டி) போட்டு ரீங்காரத்தை எடுங்கள். அல்லது ரீங்காரத்தை ஆதார சுருதியாகவே ஏற்றுக்கொண்டு ட்ராக் முழுவதையும் 35 சென்ட் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலே ஏற்றிவிடுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது.

பாலக்காடு: ஒரு ட்ராக் வெறும் இரைச்சல், அடுத்தது இடி மாதிரி டெக்னோ. எல்லாவற்றையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்-க்குக் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) கொண்டுவந்துவிடட்டுமா, சார்?

அதைச் செய்தால் தொகுப்பு செத்துவிடும். மைனஸ் 14 என்பது ஸ்பாட்டிஃபை ஒலிபரப்பும்போது தன் பங்குக்குச் சமன் செய்யும் அளவு. நீங்கள் மாஸ்டர் செய்ய வேண்டிய இலக்கு அது அல்ல. ஆல்பத்தை வரிசையாகக் கேட்கும்போது ஆல்பம் முழுவதையும் ஒரே அளவுக்குத்தான் அது கூட்டிக் குறைக்கும், ட்ராக்குகளுக்கு இடையே நீங்கள் வைத்த ஏற்ற இறக்கம் அப்படியே நிற்கும். முதலில் மிகப் பலமான நடன ட்ராக்கை மைனஸ் 9 பக்கம் நிறுத்துங்கள், ட்ரூ பீக் (ஒலியின் உண்மையான உச்சம்) மைனஸ் 1. மற்றவற்றை மீட்டரை மூடிவைத்துவிட்டுக் காதால் அதன் பக்கத்தில் உட்கார வையுங்கள். இரைச்சல் ட்ராக் மீட்டரில் சிறியதாகத் தெரிந்தாலும் காதைக் கிழிக்கும், அதை இன்னும் மூன்று டெசிபல் இறக்கத் தயங்காதீர்கள்.

ட்ராக்குகள் இடைவெளி இல்லாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒழுகுவதாக இருந்து, சிடியும் போடுவதாக இருந்தால், வெட்டு 588 சாம்பிளின் மடங்கில் விழ வேண்டும். சிடியின் ஒரு ஃப்ரேம் அவ்வளவு, விநாடியின் 75-இல் ஒரு பங்கு. அதில் விழாத வெட்டு 'டிக்' என்று சத்தம் போடும்.

கொழிஞ்சாம்பாறை: பழைய சினிமாப் பாட்டில் இருந்து ஐந்து விநாடிக் குரல். ஏழு விநாடிக்குள் என்றால் பரவாயில்லையாமே?

அப்படி ஒரு சட்டம் இல்லை. ஐந்து விநாடிக்கும் இரண்டு அனுமதி வேண்டும்: ஒலிப்பதிவுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று. ஒலிப்பதிவின் உரிமை வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு நிற்கும். தெரிந்தவர் ஒருவரைப் பாடவைத்து, வரியையும் மெட்டையும் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

கோவை: எல்லாம் சிநேகிதர்கள்தான். ஒப்பந்தம் என்று காகிதம் நீட்டினால் தப்பாக நினைப்பார்கள் அண்ணா.

காகிதம் இல்லாவிட்டால்தான் பின்னால் சிநேகிதம் கெடும். ஒரு பக்கம் போதும். ட்ராக் ஆர்ட்டிஸ்டுடையது, லேபிளுக்கு உரிமம் மட்டும், எத்தனை ஆண்டு, எந்த நாடுகளில். இந்தக் கடைசி இரண்டையும் விடவே கூடாது. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு தானே நிரப்பிக்கொள்ளும். உங்கள் வாடிக்கையாளர் பெர்லினில் இருந்தால் 'இந்தியா மட்டும்' எதற்கு ஆகும்? பணப் பங்கீடு: செலவு கழித்து மிச்சத்தில் பாதி லேபிளுக்கு, பாதி ட்ராக் எண்ணிக்கைப்படி சமமாக. நிமிடக் கணக்கில் பிரித்தால் அடுத்த தொகுப்புக்கு எல்லாரும் 12 நிமிட ட்ராக்கோடு வருவார்கள்.

வாளையார்: இசை விற்கும் தளமான பேண்ட்கேம்பில் போட்டோம். ஜெர்மனியிலிருந்து வாங்குகிறார்கள். பக்கத்து ஊர்க்காரர் வாங்கப் போனால் பணம் போகவில்லை.

பேண்ட்கேம்ப் பணம் பேபால் வழியாக வருகிறது. பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள் இந்தியர் இந்தியருக்குச் செலுத்துவதை நிறுத்திவிட்டது. வெளிநாட்டுப் பணம் மட்டும் வரும். உள்ளூர்க்காரரிடம் யுபிஐ-யில் வாங்கிக்கொண்டு டவுன்லோடு கோட் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். யாருக்கு எந்தக் கோட் என்று நோட்டில் எழுதாவிட்டால் ஒரே கோட் இரண்டு பேருக்குப் போகும். டிஜிட்டல் விற்பனையில் பேண்ட்கேம்பின் பங்கு 15 சதவீதம், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. 8 டாலர் ஆல்பத்தில் 1.20 அங்கேயே போய்விடும் என்று ஆர்ட்டிஸ்டுகளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஆனைமலை: கேசட் போட ஆசை. என்ன கவனிக்கணும் அண்ணா?

சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். நீங்கள் 28-இல் நிறுத்துங்கள். பக்கத்துக்கு ஒரே நீள வேவ் ஃபைல் செய்து கொடுங்கள், ட்ராக் இடைவெளியை நகலெடுப்பவர் கையில் விடாதீர்கள். ஏ பக்கம் சற்று நீளமாக இருக்கட்டும். ஏ பக்கம் முடிந்ததும் திருப்பிப் போட்டால் அதிகம் சுற்ற வேண்டியிருக்காது. அடிப்பகுதியை மோனோ (இடமும் வலமும் ஒன்றான ஒலி) ஆக்குங்கள், ஹை-ஹாட்டை இரண்டு டெசிபல் இறக்குங்கள். சாதாரண டேப்பில் முதலில் கரகரப்பது அதுதான். அட்டையின் முதுகு 12.7 மில்லிமீட்டர்தான். தமிழ் எழுத்தின் கொம்பும் சுழியும் அதில் நசுங்கும், 8 புள்ளிக்குக் கீழே போகாதீர்கள்.

சித்தூர்: ஆன்லைன் இசைக் கடைக்கு அனுப்பிய ஆல்பம் திரும்பி வந்துவிட்டது. ஒருவர் ட்ராக் அதே பெயருள்ள வேறொருவர் பக்கத்தில் போய் நிற்கிறது.

ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் இடத்தில் லேபிள் பெயரைப் போட்டிருப்பீர்கள். தொகுப்புக்கு அங்கே 'வேரியஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்றுதான் இருக்க வேண்டும். ஆர்ட்டிஸ்டின் ப்ரொஃபைல் இணைப்பை ஒவ்வொரு ட்ராக்குக்கும் தனியாகக் கொடுங்கள். முன்பே சிங்கிளாக வந்த ட்ராக் என்றால் பழைய ஐஎஸ்ஆர்சி எண்ணையே (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உள்ள அடையாள எண்) போடுங்கள், ரீமிக்ஸ் போல ஒலிப்பதிவே மாறியிருந்தால் புது எண்.

பாலக்காடு: இந்த மாதிரி இசையெல்லாம் நம்ம நாட்டுச் சமாச்சாரம் இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-லேயே மூக் சிந்தசைசரோடு (மின்னணு இசைக்கருவி) ஸ்டுடியோ இருந்தது. அங்கே பதிவான டேப்புகள் 2023-ல் தொகுப்பாக வெளிவந்தன. மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982-ல் டிபி-303 பேஸ் கருவி, டிஆர்-808 தாளக் கருவி வைத்து ராகங்களை வாசித்த ஆல்பம் அப்போது விலைபோகவில்லை, 2010-ல் மறுவெளியீடாக வந்த பிறகு உலகமே தேடியது. உங்கள் இசையையும் பின்னால் தேடலாம், ஆகவே மாஸ்டர் ஃபைலை இரண்டு ஹார்ட் டிஸ்கில், இரண்டு வீட்டில் வையுங்கள்.

வேலந்தாவளம்: வெளியீட்டு இரவை எல்லையில் எந்தப் பக்கம் வைப்பது லாபம்?

ஒலிபெருக்கி விதி மத்திய அரசு 2000-ல் போட்டது, இரண்டு பக்கமும் ஒன்றேதான். எழுத்தில் அனுமதி வேண்டும், திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. ஆறரைக்கு ஆரம்பியுங்கள். சவுண்டு சர்வீஸ்காரர் பாக்ஸ் இறக்கியதும் முதல் வேலையாக எல்லா ட்ராக்கையும் மோனோவில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்; அகலமான சிந்த் பேஸ் அங்கேதான் காணாமல் போகும். 50 நிமிடத் தொகுப்பு என்றால் இடைவேளை விட்டு இரண்டு முறை போட்டாலும் ஒன்பதுக்குள் முடியும், பஸ் பிடிக்கிறவர்களுக்கும் தோது.