வருஷத்துக்கு ஏழு ராத்திரி

கேள்வி: நாங்கள் மும்பை முலுண்டில் இருக்கிறோம். கணவர், நான், 9 வயது மகள், 6 வயது மகன், முழங்கால் வலியுள்ள மாமியார் என்று வீட்டில் ஐந்து பேர். போன மாதம் தாணேயில் ஒரு மாலில் கூப்பன் எழுதிப் போட்டோம். பரிசு விழுந்திருக்கிறது, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று போன் வந்தது. போனால் ஒரு ஹோட்டல் ஹாலில் மூன்று மணி நேரம் உட்கார வைத்து டைம்ஷேர் மெம்பர்ஷிப் பற்றிப் பேசினார்கள். மொத்தமாகப் பணம் கட்டிவிட்டால் வருஷா வருஷம் அவர்கள் ரிசார்ட்டில் சில ராத்திரி தங்கலாமாம். 25 வருஷம், வருஷத்துக்கு 7 ராத்திரி, 'ஒயிட்' சீசன், ஸ்டூடியோ அறை. வரியோடு 4,50,000 ரூபாய். வருஷச் சந்தா 20,000, அதற்கு வரி தனி. இந்த விலை இன்றைக்கு மட்டும்தான் என்றதும் கணவர் 10,000 ரூபாய் முன்பணம் கட்டிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். மீதியைப் 15 நாளில் கட்ட வேண்டும். அவருக்கு ஒரு வாரம் லீவு கிடைத்தால் மே மாதம் திருநெல்வேலிக்குப் போவோம். தீபாவளிக்கு நாலைந்து நாள் கிடைக்கும். ஹோட்டலுக்குக் கொடுக்கும் காசு வீண், இது நம் சொத்து மாதிரி என்கிறார் அவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்துப் போட்டதற்காக அவரோடு சண்டை போடாதீர்கள். அம்மாவையும் பிள்ளைகளையும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது நல்ல இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும் என்ற ஆசைதான் அவரை அந்த மேஜையில் உட்கார வைத்திருக்கிறது. தினமும் லோக்கல் ரயிலில் நசுங்கி வேலைக்குப் போய் வருகிற மனுஷனுக்கு அந்த ஆசை வருவது நியாயம். அதை வைத்துக்கொண்டு திட்டத்தை மட்டும் தள்ளிவைத்துப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் உள்ள திட்டத்தை வாங்க வேண்டாம் என்பதுதான் என் முடிவு. ஏன் என்று சொல்கிறேன்.

சொத்து என்ற வார்த்தையிலிருந்தே ஆரம்பிக்கலாம். வெளிநாடுகள் சிலவற்றில் டைம்ஷேர் வாங்கினால் அந்தக் கட்டடத்தில் ஒரு பங்கை உங்கள் பெயரில் பத்திரமே செய்து தருவார்கள். நம் நாட்டில் விற்பவை பெரும்பாலும் தங்கும் உரிமை மட்டும். நிலத்திலோ கட்டடத்திலோ உங்களுக்குப் பங்கு கிடையாது. 25 வருஷம் முடிந்ததும் கையில் ஒன்றும் மிஞ்சாது. இந்த முறை ஐரோப்பாவில் 1960-களில் தொடங்கியது. இங்கே ஸ்டெர்லிங் என்ற நிறுவனம் 1986-இலும், மகிந்திரா குழுமத்தின் கிளப் மகிந்திரா 1996-இலும் வந்தன. ஸ்டெர்லிங் பின்னால் தாமஸ் குக் இந்தியா குழுமத்துக்குப் போனது. 25 வருஷத்தில் ஒரு நிறுவனம் கைமாறுவது சகஜம் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். உங்கள் உரிமை அந்த ஒப்பந்தக் காகிதத்தில் எழுதியிருப்பது மட்டுமே. ஹாலில் வாயால் சொன்னது எதுவும் அதில் சேராது.

இனி உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட இரண்டு வார்த்தைகள்.

ஒன்று 'ஒயிட்' சீசன். ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்தைப் பருவங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் வைத்திருக்கும். ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று இறங்கிக்கொண்டே போவது ஒரு கணக்கு. விலை உயர்ந்த நிறத்தை வாங்கியவர் கீழே உள்ள பருவத்திலும் தங்கலாம். கீழே வாங்கியவர் மேலே உள்ள பருவத்தில் பொதுவாகத் தங்க முடியாது. மே மாதம், தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாம் பெரும்பாலான மலை ஊர்களில் மேல் நிறத்தில்தான் வரும். உங்கள் பிள்ளைகளுக்கு லீவு கிடைப்பதும் அப்போதுதான். அப்படியென்றால் நீங்கள் போகக்கூடிய நாட்களில் பெரும்பாலானவை இந்த மெம்பர்ஷிப்பில் வரவே வராது. எந்த ஊருக்கு எந்த வாரம் எந்த நிறம் என்று ஒரு அட்டவணை இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, பள்ளிக்கூட லீவு காலண்டரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து நிமிஷ வேலை.

இரண்டாவது, ஸ்டூடியோ. ஒரே அறை, அதில் பெரியவர்கள் இரண்டு பேர், சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் என்பதுதான் வழக்கமான கணக்கு. உங்கள் மாமியாரை எங்கே படுக்க வைப்பது? ஒரு பெட்ரூம் உள்ள பிரிவு வேண்டும் என்றால் விலையும் சந்தாவும் ஏறும். அவர் அம்மாவை நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஆனால் அவர் வாங்கியதில் அம்மாவுக்கு இடம் இல்லை. இதை மட்டும் அவரிடம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். சந்தா 20,000, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 23,600. நாலரை லட்சத்தை வங்கியில் ஆறரை சதவீத வட்டிக்குப் போட்டால் வருஷத்துக்கு 29,250 ரூபாய் வரும். இரண்டையும் கூட்டினால் 52,850. அதாவது மெம்பர்ஷிப் வாங்காமல் இருந்தாலே, முதல் வருஷம் ஏழு ராத்திரிக்கு, ராத்திரிக்கு 7,550 ரூபாய் வரை ஹோட்டலுக்குச் செலவு செய்யலாம். நாலரை லட்சம் வங்கியில் அப்படியே இருக்கும். உங்களுக்கு லீவு கிடைப்பதோ நாலு ராத்திரிக்குத்தான். நாலால் வகுத்தால் ராத்திரிக்கு 13,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. அந்தப் பணத்துக்கு தீபாவளி சமயத்தில்கூட ஐந்து பேருக்கு இரண்டு நல்ல அறை தேடலாம். அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்குள் இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். அதற்கு மேல் போனால் 18.

ஹோட்டல் வாடகை வருஷா வருஷம் ஏறுமே, வட்டி ஏறாதே, வட்டிக்கும் வருமான வரி உண்டே என்று உங்கள் கணவர் கேட்பார். சரியான கேள்வி. ஹாலில் சொன்ன பெரிய வாதமும் அதுவாகத்தான் இருந்திருக்கும், இன்றைய விலையில் நாளைய விடுமுறை என்று. ஆனால் சந்தாவும் ஏறும். வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், இருபத்தைந்தாவது வருஷம் நீங்கள் கட்டுவது ஏறக்குறைய 95,500 ரூபாய். மொத்தமாகக் கட்டியிருக்கும் சந்தா மட்டுமே சுமார் 13 லட்சம். சந்தா எவ்வளவு வரை ஏறலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரம்பு எழுதியிருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். போனாலும் போகாவிட்டாலும் சந்தா கட்ட வேண்டும். பாக்கி இருந்தால் அறை தர மாட்டார்கள்.

இதை நான் கணக்குப் போட்டு மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. செம்பூரில் இருந்த காலத்தில் நாங்களும் இப்படி ஒன்றை வாங்கினோம். முதல் நாலு வருஷம் அவ்வளவு சந்தோஷம். கொடைக்கானல் போனோம், மூணாறு போனோம். காலையில் சின்ன அடுப்பில் என் மாமியார் காபி போடுவார், பிள்ளைகள் போர்வையோடு பால்கனியில் உட்கார்ந்திருப்பார்கள். ஹோட்டல் அறையில் அது கிடைத்திருக்காது. அப்புறம் பெரியவன் பத்தாவது வந்தான். அவன் முடித்ததும் சின்னவள். ஒரு வருஷம் ஊரில் கல்யாணம், ஒரு வருஷம் மாமியாருக்கு ஆபரேஷன். நாட்களை அடுத்த வருஷத்துக்குத் தள்ளினோம், தள்ளியவை காலாவதியாகிப் போயின. பதினோரு வருஷத்தில் போனது ஐந்து தடவை, கட்டியது பதினோரு சந்தா. விற்கலாம் என்று பார்த்தோம். வாங்கிய விலையில் கால்வாசிக்குக்கூட ஆள் இல்லை. விற்றுத் தருகிறோம், முதலில் கட்டணம் அனுப்புங்கள் என்று போனில் ஒருவர் சொன்னார். நல்லவேளை அனுப்பவில்லை, அது பெரும்பாலும் ஏமாற்று வேலை. கடைசியில் மைத்துனர் மகன் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டோம். உங்கள் மகளுக்கு இப்போது 9 வயது. இன்னும் ஆறு வருஷத்தில் உங்கள் வீட்டிலும் போர்டு பரீட்சை ஆரம்பம்.

டைம்ஷேர் யாருக்குமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. மாட்டுங்காவில் எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற தம்பதி இருக்கிறார்கள். மழைக்காலத்தில் லோணாவ்ளா, பள்ளிக்கூடம் திறந்த பிறகு கூர்க் என்று கூட்டமில்லாத நாட்களாகப் பார்த்துப் போவார்கள். மலிவான நிறமே அவர்களுக்குப் போதும். ஏழு ராத்திரியையும் விடாமல் பயன்படுத்துகிறார்கள். ஆர்.சி.ஐ. என்று 1974-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு பரிமாற்ற அமைப்பு உண்டு. அதன் வழியாக, தனிக் கட்டணம் கட்டி, தங்கள் வாரத்தைக் கொடுத்து வெளிநாட்டில் ஒரு வாரம் வாங்கியும் தங்கியிருக்கிறார்கள். நினைத்த நேரத்தில் கிளம்ப முடிகிறவர்களுக்கு, ஒரே இடத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து இருக்கப் பிடித்தவர்களுக்கு, இது நல்ல ஏற்பாடு. பெரிய அறை, சமையல் வசதி, பிள்ளைகளுக்கு விளையாட இடம் என்று பல ஹோட்டல்களில் கிடைக்காத சௌகரியங்கள் உண்டு. ஆனால் 'கிச்சன்' என்று சொல்வதில் அடுப்பு இருக்கிறதா, வெறும் ஃபிரிட்ஜும் கெட்டிலும்தானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பல ரிசார்ட்டுகள் ஊரை விட்டுத் தள்ளி இருக்கும். ஐந்து பேரும் மூன்று வேளையும் அங்கேயே சாப்பிட்டால் சாப்பாட்டு பில் அறைக் கணக்கை மிஞ்சிவிடும்.

உங்கள் கணவரின் லீவு அப்படிப்பட்டதல்ல. மே மாத வாரம் திருநெல்வேலிக்கு. அதை விட்டுக்கொடுக்க வேண்டாம், தாத்தா பாட்டியோடு பிள்ளைகள் இருக்கப்போவது இன்னும் எத்தனை கோடையோ. மிச்சம் நாலைந்து நாள். அதுவும் கடைசி நேரத்தில்தான் உறுதியாகும் என்று நினைக்கிறேன். டைம்ஷேரில் விசேஷ நாட்களுக்கு மாதக்கணக்கில் முன்னாடியே பதிவு செய்தால்தான் இடம் கிடைக்கும். ரயில் டிக்கெட்டோ 2024 நவம்பரிலிருந்து 60 நாளைக்கு முன்னால்தான் எடுக்க முடிகிறது. அறையைப் பிடித்துவிட்டு டிக்கெட் கிடைக்குமா என்று காத்திருக்க வேண்டும். ஹோட்டல் என்றால் லீவு கிடைக்காதபோது, சில நாள் முன்னால் வரை பணம் பிடிக்காமல் ரத்து செய்யும் அறையாகப் பார்த்து எடுக்கலாம். விசேஷ நாளில் வாடகை எகிறும் என்பது ஹோட்டலின் குறைதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக 25 வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

இப்போது செய்ய வேண்டியது. ஒப்பந்தத்தை எடுத்து, ரத்து செய்வதற்கு எத்தனை நாள் என்ற பகுதியைத் தேடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம் என்று சட்டம் இருக்கிறது. இங்கே டைம்ஷேருக்கென்று அப்படித் தனிச்சட்டம் இல்லை. நிறுவனம் தன் ஒப்பந்தத்தில் எழுதிய நாட்கள்தான் கணக்கு. அதனால் நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே உங்கள் கணவர் தன் மெயிலிலிருந்து எழுதட்டும். மெம்பர்ஷிப் எண், கட்டிய தேதி, தொகை, 'ரத்து செய்கிறேன், முன்பணத்தைத் திருப்பித் தரவும்' என்ற வரி, இவை போதும். அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். போனில் சமாதானம் பேசுவார்கள், விலையைக் குறைப்பார்கள், இன்னொரு பரிசு தருவதாகச் சொல்வார்கள். எதுவானாலும் மெயிலில் எழுதுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்துவிடச் சொல்லுங்கள். மாதத் தவணைக்கு வங்கியில் ஏதாவது படிவம் கொடுத்திருந்தால் அதையும் நிறுத்த வேண்டும்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் வருஷச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஒருவேளை பத்தாயிரம் திரும்பி வராமலே போனாலும், அதைக் காப்பாற்றுவதற்காக மீதி 4,40,000 ரூபாயைக் கட்டிவிடாதீர்கள்.

அவர் இன்னும் ஆசைப்பட்டால் ஒரு வழி சொல்கிறேன். இந்த மாதிரி ரிசார்ட்டுகள் பலவற்றில் மெம்பர் அல்லாதவர்களுக்கும் அறை தருகிறார்கள். இந்த தீபாவளிக்கு அதே நிறுவனத்தின் ரிசார்ட் ஒன்றில் மூன்று ராத்திரி காசு கொடுத்துத் தங்கிப் பாருங்கள். அங்கே வந்திருக்கும் மெம்பர்களிடம் சந்தா எவ்வளவு ஏறியது, கேட்ட தேதியில் அறை கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் மகாபலேஷ்வரிலும் கணபதிபுலேயிலும் மகாராஷ்டிர சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதிகள் இருக்கின்றன. மாத்தேரான் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் ஊருக்குள் கார் போகாது, உங்கள் மாமியாரின் முழங்காலுக்குச் சரிவராது. எந்த இடம் என்பதை உங்கள் கணவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். அறை பதிவு செய்ய போன் பண்ணும்போது கீழ்த்தளத்தில் அறை, வெஸ்டர்ன் டாய்லெட், இரண்டையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.