சேர்ந்து உட்கார்ந்தால் சேர்ந்து படித்ததாகுமா?

கேள்வி: நான் நர்சிங் கல்லூரி ஆசிரியை. எம்.பி.பி.எஸ்., நர்சிங், பார்மசி, பிசியோதெரபி மாணவர்கள் 120 பேரை ஒரே ஹாலில் உட்காரவைத்து, குழுவாகச் சிகிச்சை தருவது பற்றி வகுப்பு எடுத்தோம். மருத்துவ மாணவர்கள் போனில் மூழ்கிவிட்டார்கள். எங்கள் மாணவிகள் வாயே திறக்கவில்லை. மற்றத் துறையினரோடு படிக்க இவர்களுக்கு விருப்பமே இல்லையா?
— வாசகி, மதுரை

பதில்: மாணவர்களைக் குறை சொல்லும் முன் வகுப்பைப் பாருங்கள். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறையினர் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் சேர்ந்து கற்பதுதான் துறைகள் சேர்ந்து கற்கும் கல்வி என்று உலக சுகாதார நிறுவனம் 2010-ல் விளக்கியது. 120 பேர் லெக்சர் கேட்பதில் இந்த மூன்றும் எங்கே இருக்கிறது?

எட்டுப் பேராகப் பிரியுங்கள், துறைக்கு இருவர். தனியாக ஒருத்தி மாட்டிக்கொண்டால் பேசமாட்டாள். பிறகு ஒரே நோயாளியைப் பற்றிய தகவலை நான்கு தாள்களாகப் பிரித்துக் கொடுங்கள். உதாரணமாக, பக்கவாதம் வந்து மூன்றாம் நாளில் இருக்கும் சர்க்கரை நோயாளி. மருத்துவ மாணவரின் தாளில், 'மெட்பார்மின் எஸ்.ஆர். மாத்திரை, வாய்வழி'. நர்சிங் தாளில், 'தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது'. சரி, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப் போட்டு, மாத்திரையைப் பொடித்து அதில் விடலாம் என்பார்கள். பார்மசி தாள் குறுக்கே வரும்: 'எஸ்.ஆர். மாத்திரையைப் பொடிக்கக் கூடாது. மெல்ல மெல்ல வெளிவர வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும்.' பிசியோ தாளில், 'பிடித்துக்கொள்ளாமல் உட்கார முடியவில்லை'. அப்படியானால் டியூபில் ஊட்டும்போது தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பது யார் பொறுப்பு? நான்கு தாளும் மேசைக்கு வராமல் அன்றைய மருந்துச் சீட்டைக்கூட எழுத முடியாது. நர்சிங் மாணவி சொல்வதை மரியாதைக்காக அல்ல, வேறு வழியில்லாமல் கேட்பார்கள். அதுதான் வேண்டும்.

பேசும் வரிசையில் மருத்துவ மாணவர் கடைசி. வேலைக்கு 40 நிமிடம் என்றால், நடந்ததைப் பேச 20 நிமிடம் ஒதுக்குங்கள். நேரம் போதவில்லை என்று எல்லோரும் வெட்டுவது இந்த 20 நிமிடத்தைத்தான். வார்டையே பார்க்காத முதலாண்டு மாணவரையும் இறுதியாண்டு நர்சிங் மாணவியையும் ஒரே குழுவில் போடாதீர்கள். ஒரு துறைக்கு மட்டும் இன்டர்னல் மார்க் இருந்தால் மற்றவர்கள் போனுக்கே திரும்பிவிடுவார்கள்.

கேள்வி: சேர்ந்து கற்கும் மனநிலையை அளக்க 'ரிப்பிள்ஸ்' வினாத்தாள் கொடுத்தோம். வகுப்புக்கு முன் சராசரி 78, பின் 80. தோல்வியா?
— வாசகர், திருச்சி

பதில்: 1999-ல் பார்செல், பிளை இருவரும் வெளியிட்ட அந்த வினாத்தாளில் 19 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண், உச்சம் 95. 78 என்றாலே கூற்றுக்கு நான்குக்கு மேல். இனி ஏற இடம் குறைவு. முதலில் 10, 11, 12-வது கூற்றுகளைப் பாருங்கள். 'மற்றவர்களோடு படித்து நேரத்தை வீணாக்க விரும்பவில்லை' என்பது போன்ற எதிர்மறைக் கூற்றுகள் அவை. மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும்: 5 என்றால் 1, 4 என்றால் 2. அதை மறந்தால் கணக்கே தப்பு. கடைசி மூன்று கூற்றுகளும் (17, 18, 19) ஒன்றோடொன்று சரியாக ஒட்டுவதில்லை என்பது பல ஆய்வுகளில் வந்த புகார். அவற்றைக் கூட்டாமல் தனித்தனியாகப் படியுங்கள். நர்ஸ், தெரபிஸ்ட் வேலை முக்கியமாக டாக்டருக்குத் துணை நிற்பதே என்கிறது 17-வது கூற்று. அதற்குத் துறைவாரியாக வந்த பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மொத்த மதிப்பெண் மறைத்தது அங்கே தெரியும். தாளில் பெயர் வாங்கியிருந்தால், அடுத்த முறை ரகசிய எண் போதும்.