ரோஸி முட்டையிட வேண்டாம்

அன்புள்ள அக்கா,

உங்கள் கோழி கருப்பியைப் பற்றி முன்பு எழுதியிருந்ததைப் படித்ததால்தான் இதை எழுதத் துணிந்தேன். வேறு யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள்.

பாரியூர் தேர்த் திருவிழாவில் என் மகள் அடம்பிடித்து 20 ரூபாய்க்கு ஒரு ரோஸ் கலர் கோழிக்குஞ்சு வாங்கினாள். நாலு வருடம் ஆகப்போகிறது. சாயம் போய்க் கோழி வெள்ளையாகிவிட்டது, ரோஸி என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஆறாவது மாதத்திலிருந்து ஏறக்குறைய தினம் ஒரு முட்டை வைத்தது. போன தை மாதம் ஓடில்லாத தோல்முட்டையாக வர ஆரம்பித்தது. சித்திரையில் வயிறு வீங்கி, பெங்குவின் மாதிரி நிமிர்ந்து நடந்தது. டாக்டர் ஊசி வழியாக நீர் எடுத்து மருந்து கொடுத்தார். நன்றாகிவிட்டது. ஆடியில் மறுபடியும் அதே கதை. இப்போது புரட்டாசியில் மூன்றாவது முறை. முட்டைக்குழாயில் நாள்பட்ட புண், முழுதாகக் குணமாகாது என்கிறார். இதுவரை ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிவிட்டது. மாமியார், "புரட்டாசி முடியட்டும் கண்ணு, கொழம்பு வெச்சிரலாம்" என்கிறார். மகளுக்கு ஒன்பது வயது. "ரோஸி செத்துப்போயிடுமா?" என்று தினம் கேட்கிறாள். நாங்கள் அதைக் காப்பாற்றுகிறோமா, இழுத்துப்பிடித்து வதைக்கிறோமா?

கி., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள கி.,

முதலில் மாமியார் விஷயத்தை முடித்துவிடுவோம். அத்தனை ஊசியும் மாத்திரையும் போன கோழியைக் குழம்பு வைக்கக்கூடாது. மருந்து கறியிலும் முட்டையிலும் தங்கும். இதைச் சொல்லுங்கள், பாசத்தைப் பற்றிப் பேசி அவரிடம் ஜெயிக்க முடியாது. நானும் கறி தின்கிறவள்தான், அதனால் அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

இனி ரோஸி. அது உங்கள் வீட்டுக்கு வந்ததே ஒரு தவறினால். திருவிழாவில் விற்கிற கலர் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் ஒதுக்கப்படும் சேவல் குஞ்சுகள். அவை முட்டை வைக்காது, கறிக்கும் தேறாது. பொரித்த நாளிலேயே ஆண், பெண் பிரித்து, ஆணைக் கழித்துவிடுவார்கள். சாயம் ஏற்றித் தெருவுக்கு வருவது அதில் ஒரு பங்கு. பிரிக்கிறவர் கை தவறி அந்தக் கூடையில் விழுந்த பெட்டைதான் ரோஸி. சரியான கூடையில் விழுந்திருந்தால் நாமக்கல் பக்கம் ஏதாவது ஒரு பண்ணையின் கூண்டில் நின்றிருக்கும். ஒன்றரை வயதை ஒட்டி, செய்தித்தாளில் தினம் வருகிறதே 'முட்டைக்கோழி கிலோ இவ்வளவு' என்று, அந்த விலைக்குப் போயிருக்கும். நான் அந்தப் பக்கத்தில் பிறந்தவள். எங்கள் ஊரில் நூறு பேருக்குக் கோழி பற்றித் தெரியும், மூன்று வயதான முட்டைக்கோழியைப் பார்த்தவர்கள் நாலு பேர் இருந்தால் அதிகம். உங்களுக்கு அக்கம்பக்கத்தில் யோசனை சொல்ல ஆள் கிடைக்காததற்கு இதுதான் காரணம். இந்த நோய் அபூர்வமானது இல்லை, இது வருகிற வயது வரை கோழியை யாரும் வைத்திருப்பதில்லை.

ஒரு கணக்குப் பாருங்கள். காட்டுக்கோழி வருடத்துக்கு 10, 15 முட்டை வைக்கும், அடை காக்கும், குஞ்சு மேய்க்கும். நம் நாட்டுக்கோழியான சிறுவிடையும் ஒரு அடைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். ரோஸியின் இனம் வருடத்துக்கு 300க்கு மேல் வைக்கும். ஒரு முட்டை 55 கிராம் என்றால் வருடத்துக்கு 16 கிலோவுக்கு மேல் போகிறது. கோழியின் எடையோ ஒன்றரைக் கிலோ. ஒவ்வொரு ஓட்டுக்கும் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச்சத்து, அதில் ஒரு பகுதி சொந்த எலும்பைக் கரைத்துக் கொடுப்பது. கோழிக்கு இடது பக்கம் ஒரு சினைப்பையும் ஒரு குழாயும்தான் வேலை செய்யும். மஞ்சள் கரு அந்தக் குழாய்க்குள் இறங்கி முட்டையாக வெளியே வர 25 மணி நேரம். அது வந்த அரை மணியில் அடுத்த கரு கிளம்பிவிடும். குழாய்க்கு ஓய்வே கிடையாது. ஓய்வில்லாத இடத்தில் கிருமி நுழைந்தால் வெளியேறாது.

இன்னொன்று. பறவைக்குச் சீழ் பிடித்தால் நமக்குப் போல நீராக ஓடாது, பனீர் மாதிரி இறுகிவிடும். அந்தக் கட்டிக்குள் மருந்து போய்ச் சேர்வதில்லை. மாத்திரையில் காய்ச்சலும் சோர்வும் இறங்கும், கோழி எழுந்து மண் கிளறும், நமக்கு நிம்மதி வரும். கட்டி உள்ளேயே இருக்கும். ஆடியிலும் புரட்டாசியிலும் நோய் திரும்பியதற்கு உங்கள் கவனக்குறைவு காரணமில்லை. எப்போதாவது அவித்த முட்டையை நசுக்கிய மாதிரி, அடுக்கடுக்காக ஒரு கட்டியை ரோஸி வெளியே தள்ளினால் தூக்கி எறியாதீர்கள். டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். அதில் என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சோதித்துப் பார்க்கலாம். உங்கள் ஊரில் வசதி இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அரை நாள் வேலை.

இதற்கெல்லாம் மேல் நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: ரோஸி முட்டையிடுவதை நிறுத்தப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் மருந்து இருக்கிறது, செலவு இருக்கிறது, இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒவ்வொரு முட்டையும் அந்தப் புண் வழியாகத்தான் இறங்குகிறது. குழாய்க்குள் போகாத கரு வயிற்றுக்குள் விழுந்து அங்கே கெடுகிறது. வயிற்றில் நீர் கோப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

கோழி முட்டையிடுவது வெளிச்சக் கணக்கில். பண்ணைகளில் விளக்குப் போட்டு 16 மணி நேரம் பகலாக வைப்பது அதனால்தான். குளிர்நாடுகளில் மார்கழியில் பகல் எட்டு மணி நேரமாகச் சுருங்கும்போது கோழி தானாக முட்டையை நிறுத்தி, இறகு உதிர்த்து, உடம்பைத் தேற்றிக்கொள்ளும். நம் ஊரில் வருடத்தின் மிகச் சிறிய பகலே பதினொரு மணி நேரத்துக்கு மேல். ரோஸிக்குக் குளிர்காலமே வருவதில்லை. நீங்கள்தான் செய்து கொடுக்க வேண்டும். சாயங்காலம் ஐந்தரைக்கு இருட்டான, காற்று வருகிற ஒரு கூண்டில் அடைத்துக் காலை எட்டரை, ஒன்பது மணிக்குத் திறந்துவிடுங்கள். அது தூங்குகிற இடத்தில் டியூப்லைட் எரிகிறதா பாருங்கள். எங்கள் கருப்பி சமையலறை வாசலில் தூங்கியது. இரவு பதினொரு மணி வரை விளக்கு. அது வயிறு வீங்கிக் கிடந்த நாளில்கூட அந்த விளக்கை அணைக்க எனக்குத் தோன்றவில்லை. கருப்பிக்குப் போட்ட மருந்துகளை விரல் விட்டு எண்ணிச் சொல்வேன், அந்த சுவிட்ச் இன்னும் உறுத்துகிறது.

ரோஸியின் இனத்துக்கு அடையில் உட்காரும் குணத்தையே வளர்ப்பில் களைந்துவிட்டார்கள். ஒருவேளை உட்கார்ந்தால் கலைக்காதீர்கள். நம் ஊரில் அடைக்கோழியைத் தண்ணீரில் முக்குவார்கள், மூக்கில் இறகைச் செருகுவார்கள், சீக்கிரம் அடுத்த முட்டை வரட்டும் என்று. உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். பகலில் இறங்கித் தின்று, தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தீனி. இட்லி, முறுக்கு, பிரியாணி அரிசி என்று செல்லக்கோழிக்குக் கொடுக்காதது இல்லை, நானும் கொடுத்தேன். கொழுத்த கோழிக்கு இந்த நோய் இன்னும் மோசமாகும். கிளிஞ்சல் தூளைத் தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டை நின்ற கோழிக்குச் சுண்ணாம்பு மிஞ்சினால் சிறுநீரகம் கெடும், வேண்டுமென்றால் அதுவே போய்க் கொத்திக்கொள்ளும்.

வெளிநாடுகளில் பறவை மருத்துவர்கள், நாய்களுக்காகச் செய்த ஒரு ஹார்மோன் மருந்தைக் கோழியின் தோலுக்கடியில் வைக்கிறார்கள், டெஸ்லோரெலின் என்று பெயர். சில மாதங்களுக்கு முட்டை நிற்கும், தீர்ந்ததும் மறுபடி வைக்க வேண்டும். உங்கள் டாக்டரிடம் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். குழாயை வெட்டி எடுக்கும் அறுவையும் உண்டு. சினைப்பை பெரிய ரத்தக்குழாய்களோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அதை எடுப்பது ஆபத்து. அதனால் குழாய் போன பிறகும் கரு உதிர்ந்து வயிற்றில் விழலாம். நாலு வயதுக் கோழிக்கு, இத்தனை மயக்க மருந்து கொடுத்து, நானாக இருந்தால் செய்யமாட்டேன்.

சினைப்பை என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வயதான முட்டைக்கோழிகளுக்குச் சினைப்பைப் புற்றுநோய் தானாகவே வரும். பெண்களின் இதே புற்றுநோயை ஆராய்கிறவர்கள் கோழியைத் தேடி வருவது அதனால்தான். உங்கள் டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் இருந்தால் ஒருமுறை கேளுங்கள். புண்ணாக இருந்தால் ஒரு வழி, புற்றுக்கட்டியாக இருந்தால் வேறு வழி. இடது சினைப்பை பழுதானால் வலது பக்கம் உறங்கிக் கிடந்த மிச்சம் விழித்து, ஆண் சுரப்பி போல வளர்வதும் உண்டு. கொண்டை பெரிதாகும், கோழி கூவவும் கூவும். பெட்டைக்கோழி கூவினால் வீட்டுக்கு ஆகாது என்று நம் ஊரில் உடனே அறுத்துவிடுவார்கள். ரோஸி ஒரு நாள் கூவினால் மாமியார் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலிக்கு வீட்டில் இருக்கும் மாத்திரையை உடைத்துப் போடவே போடாதீர்கள். டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து கொடுத்த மாட்டின் சடலத்தைத் தின்றுதான் இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் பெரும்பாலும் அழிந்தன. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மிச்சமிருப்பதில் கொஞ்சம் உங்களுக்கு மேற்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் வாழ்கிறது. பறவைக்கு வலி இருந்தால் மெலாக்சிகாம் கொடுப்பார்கள், அதையும் அளவு பார்த்து டாக்டர்தான் கொடுக்க வேண்டும். ஆன்டிபயாடிக் விஷயத்தில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். கருப்பி மூன்றாம் நாளே ஓடியாடத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு, மிச்சத்தை எடுத்து வைத்து அடுத்த முறைக்குக் கொடுத்தேன். அடுத்த முறை அந்த மருந்து கேட்கவில்லை.

நீர் எடுப்பதையும் வீடியோ பார்த்து வீட்டில் செய்ய வேண்டாம். முழுவதையும் ஒரே மூச்சில் இறக்கினால் கோழி அதிர்ச்சியில் அங்கேயே சாய்ந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, மூச்சு இலகுவாகும் அளவுக்கு எடுத்தால் போதும்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. காப்பாற்றுகிறீர்களா, வதைக்கிறீர்களா என்பதற்குப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சித்திரைக்கும் ஆடிக்கும் நடுவில் மூன்று மாதம். ஆடிக்கும் புரட்டாசிக்கும் இரண்டு. நடுவில் இருந்த நாட்களில் ரோஸி மண் குளித்ததா, மகள் பள்ளி விட்டு வந்தால் ஓடி வந்ததா? வந்தது என்றால் அந்த ஐந்து மாதத்தை நீங்கள் அதற்குக் கொடுத்திருக்கிறீர்கள், ஆறாயிரம் வீணில்லை. இனி அந்த இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும். அடுத்தது இரண்டு மாதம் தாண்டிப் போனால் தொடருங்கள். ஒரு மாதம், பத்து நாள் என்று குறுகினால், நீர் எடுத்த மறுநாளும் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், பிடித்த தீனியை இரண்டு நாள் திரும்பிப் பார்க்காமல் கண்ணை மூடி மூலையில் நின்றால், டாக்டரிடம் கடைசி ஊசி பற்றிப் பேசிவிடுங்கள். கருப்பிக்கு நான் ஒன்பது நாள் தாமதித்தேன். அதில் ஒரு நாள்கூடக் கருப்பிக்காக இல்லை.

மகளுக்கு ஆமாம் என்றே சொல்லுங்கள், ஆனால் இன்றைக்கு இல்லை என்றும் சேர்த்து. ஒன்பது வயதுக் குழந்தைக்கு அது புரியும், நாம் மழுப்புவது இன்னும் நன்றாகப் புரியும். ஒரு வேலையும் கொடுங்கள். ஞாயிறுதோறும் ரோஸியை எடை போட்டு ஒரு நோட்டில் எழுதட்டும். எடையை மட்டும் நம்பக்கூடாது, வயிற்று நீர் ஏறினாலும் எடை கூடும். அதனால் நெஞ்செலும்பையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் சதை இருக்கிறதா, கத்தி முனை மாதிரி துருத்துகிறதா என்று எண்ணுக்குப் பக்கத்தில் குறிக்கட்டும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், கொஞ்சுவதெல்லாம் முதுகோடு, முத்தம் வேண்டாம். சாயங்காலம் ஐந்தரைக்குக் கூண்டு மூடுகிற பொறுப்பும் அவளுக்கே இருக்கட்டும்.

நாலு வாரம் கழித்து அந்த நோட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். முட்டை வந்த நாட்களையும் அதில் குறித்து வையுங்கள்.

அன்புடன்,
அக்கா