லேப் முழுக்க ஒரே தடவையில் இன்ஸ்டால்: பாதியில் நின்றால் என்ன செய்வது?

உபுண்டு, டெபியன் (இரண்டும் லினக்ஸ் வகைகள்) போட்ட லேப்களில் மொத்தமாக பேக்கேஜ் (மென்பொருள் பொதி) ஏற்றுவது பற்றி கடலூர், புதுச்சேரி நண்பர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

மஞ்சக்குப்பம், கல்லூரி லேப் உதவியாளர்: சார், 60 பேக்கேஜ் பேரை ஒரே கட்டளையில் கொடுத்தேன். ஒரு பேர் கிடைக்கலைன்னு மொத்தமும் நின்னுடுச்சு. மத்த 59 ஏன் ஏறலை?

பேக்கேஜ் ஏற்றும் கருவியான ஆப்ட் முதலில் எல்லாப் பெயர்களையும் அவற்றின் சார்புகளையும் (அவை ஓடத் தேவையான மற்ற பேக்கேஜ்களையும்) சேர்த்துக் கணக்குப் போடும். ஒரு பெயர் இடறினாலும் எதையும் இறக்காமல் 100 என்ற எக்ஸிட் கோடுடன் (கட்டளை முடியும்போது தரும் எண், 0 என்றால் வெற்றி) வெளியேறிவிடும். சிஸ்டம் கெடவில்லை, பயப்பட வேண்டாம். முதலில் பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்டேட் ஓடியதா, உபுண்டுவின் யூனிவர்ஸ் ரெப்போ (பேக்கேஜ் கிடங்கு) திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து பழைய பட்டியலைச் சந்தேகப்படுங்கள். ‘பைதான்-பிப்’ உபுண்டு 20.04லேயே போய்விட்டது, இப்போது ‘பைதான்3-பிப்’ என்று கேட்க வேண்டும்.

பெயர்களை வரிக்கு ஒன்றாக ஒரு ஃபைலில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் ஆப்ட்-கெட்டின் ‘-எஸ்’ ஆப்ஷனுடன் ஓட்டுங்கள். அது ஒத்திகை மட்டும் பார்க்கும், எதையும் ஏற்றாது. தோற்ற பெயர்களைத் தனி ஃபைலுக்கு ஒதுக்கிவிட்டு, தேறியவற்றை ஒரே கட்டளையில் ஏற்றுங்கள். லூப் போட்டு ஒவ்வொன்றாக ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ என்று சொல்லும் ‘-ஒய்’ கொடுத்திருந்தால், பின்னால் வரும் பேக்கேஜ் முன்னால் ஏறியதோடு மோதும்போது ஆப்ட் கேட்காமலே பழையதை நீக்கிவிடும். எப்படி ஏற்றினாலும் ‘--நோ-ரிமூவ்’ சேருங்கள். எதையாவது நீக்க வேண்டி வந்தால் அங்கேயே நின்றுவிடும்.

நெல்லிக்குப்பம்: இன்ஸ்டால் ஓடும்போது கரன்ட் போயிடுச்சு. இப்ப எந்த பேக்கேஜும் ஏறமாட்டேங்குது அண்ணே.

மறுபடி இன்ஸ்டால் கொடுத்துப் பார்ப்பதில் பயனில்லை. வரிசையாகச் செய்யுங்கள். டிபிகேஜி என்பது ஆப்டுக்கு அடியில் பேக்கேஜைப் பிரித்து அமைக்கும் கருவி. முதலில் ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’. பிரித்து வைத்து அமைக்காமல் விட்டதை அது முடிக்கும். அடுத்து ‘ஆப்ட்-கெட் -எஃப் இன்ஸ்டால்’. அறுந்த சார்புகளைச் சேர்க்கும். கடைசியாக ‘டிபிகேஜி --ஆடிட்’. அது ஒன்றும் சொல்லாமல் முடிந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

சரியாகவில்லை என்றால் ‘டிபிகேஜி -எல்’ பட்டியலில் இடது ஓரத்து எழுத்துகளைப் பாருங்கள். ‘ஐஐ’ என்றால் நலம். இரண்டாவது எழுத்து ‘யூ’ என்றால் பிரித்ததோடு நிற்கிறது, ‘எஃப்’ என்றால் அமைக்கும்போது தோற்றது, ‘எச்’ என்றால் பாதிதான் ஏறியிருக்கிறது. ‘எச்’ இருந்தால் இறக்கி வைத்த ஃபைலே சிதைந்திருக்கலாம். ‘ஆப்ட் கிளீன்’ கொடுத்து, அந்தப் பேக்கேஜை மட்டும் ‘--ரீஇன்ஸ்டால்’ செய்யுங்கள்.

லாஸ்பேட்டை: லாக் பிழை வருது. லாக் ஃபைலை அழிச்சா போதும்னு சொல்றாங்களே?

தயவுசெய்து அழிக்காதீர்கள். இந்த லாக் என்பது ஒரே நேரத்தில் இரண்டு இன்ஸ்டால் ஓடாமல் தடுக்கும் பூட்டு. பூட்டு கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதியிடம்) இருக்கிறது, ஃபைலில் இல்லை. ஃபைலை அழித்தால் இரண்டு டிபிகேஜி ஒரே டேட்டாபேஸில் எழுதும் நிலை வரும். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் பெரும்பாலும் தானியங்கி அப்டேட்தான் பூட்டைப் பிடித்திருக்கும். உபுண்டு 20.04 முதல் ‘-ஓ டிபிகேஜி::லாக்::டைம்அவுட்=600’ கொடுத்தால் பத்து நிமிடம் வரை பொறுத்திருந்து, பூட்டு விடுபட்டதும் ஏற்றும்.

வில்லியனூர்: ராத்திரி ஓட விட்டேன். காலையில் பார்த்தா ஏதோ கேள்வி கேட்டுக்கிட்டு அப்படியே நிக்குது.

கேள்வி கேட்காதே என்று சொல்லும் ‘டெபியன்_ஃப்ரண்ட்எண்ட்=நான்இன்டராக்டிவ்’ என்பதை சுடோவுக்கு (அட்மின் உரிமையோடு ஓட்டும் கட்டளை) பின்னால் எழுதுங்கள். முன்னால் எழுதினால் சுடோ பொதுவாக அதை உதறிவிடும். கான்ஃபிக் ஃபைல் கேள்விக்கு ‘--ஃபோர்ஸ்-கான்ஃப்டெஃப்’, ‘--ஃபோர்ஸ்-கான்ஃபோல்ட்’ இரண்டும் வேண்டும். மைக்ரோசாஃப்ட் எழுத்துரு பேக்கேஜுக்கு மட்டும் இது போதாது. அதன் உரிமத்துக்கான சம்மதத்தை, இன்ஸ்டால் கேள்விகளுக்கான பதில்களை வைத்திருக்கும் டெப்கான்ஃபில் முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும்.

முதலியார்பேட்டை: 40 கம்ப்யூட்டரும் தனித்தனியா டவுன்லோட் பண்ணுது, லைன் தாங்கலை.

ஒரு கம்ப்யூட்டரில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி (ஒருமுறை இறக்கிய பேக்கேஜைச் சேமித்து மற்றவற்றுக்குத் தரும் மென்பொருள்) போட்டு, மற்றவற்றுக்கு அதன் 3142 போர்ட்டை ப்ராக்ஸியாகக் கொடுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: ஸ்கிரிப்ட் எல்லாத்துக்கும் ‘வெற்றி’ன்னு எழுதுது. ஆனா நாலு கம்ப்யூட்டர்ல பேக்கேஜே இல்லை.

நடந்ததைப் பதிவு ஃபைலில் எழுத, ஆப்டின் வெளியீட்டை ‘டீ’ கட்டளைக்கு பைப் போட்டு அனுப்பியிருப்பீர்கள். அப்போது கிடைப்பது டீயின் எக்ஸிட் கோடு. அது எப்போதும்போல 0 தரும், ஆப்டின் 100 மறைந்துபோகும். பாஷ் ஸ்கிரிப்டின் தலையில் ‘செட் -ஓ பைப்ஃபெயில்’ எழுதுங்கள், ஆப்ட் தோற்றது அப்போது மறையாது. முடிந்ததும் ஒவ்வொரு பெயரையும் டிபிகேஜி-குவெரியிடம் கேட்டு, ஏறாததை கம்ப்யூட்டர் பெயரோடு ஒரு ஃபைலில் எழுத வையுங்கள். அந்த நாலில் மட்டும் மறுபடி ஓட்டினால் போதும்.