காரின் ஒரு பக்க ஹெட்லைட் எரியவில்லை. பல்பை வீட்டிலேயே மாற்றலாமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ஹாலஜன் பல்பாக இருந்தால் தாராளமாக மாற்றலாம். பல கார்களில் ஸ்பேனர்கூடத் தேவைப்படாது. ஆனால் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது இந்த வேலையின் சுலபமான பாதிதான். "புது பல்பு ஒரே மாதத்தில் போய்விட்டது", "எதிரே வருபவர்களுக்குக் கண் கூசுகிறது", "கண்ணாடிக்குள் தண்ணீர் கோத்திருக்கிறது" என்று பிறகு வரும் புகார்களுக்குப் பெரும்பாலும் காரணம், பல்பு சரியாக உட்காராதது, கப்ளர் (பல்பின் பின்னால் வயரை இணைக்கும் பிளக்) கருகியிருப்பது, விளக்கின் பின்பக்க ரப்பர் மூடி பொருந்தாதது. அதனால் இந்த மூன்றையும் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

தொழிற்சாலையிலேயே பொருத்திய எல்இடி விளக்குகளில் பல்பு என்று தனியாக எதுவும் இருக்காது. பழுதானால் பெரும்பாலும் முழு விளக்கையே மாற்ற வேண்டிவரும். செனான் விளக்கு என்றால் கை வைக்க வேண்டாம். அது பற்றவைக்கும் நொடியில் 20,000 வோல்ட்டுக்கும் மேலே போகும்.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் பல்பு, அந்தப் பக்கத்து ஃபியூஸ், கப்ளர் ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அணைந்தால் ரிலே (விளக்குக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின்சுவிட்ச்), சுவிட்ச், ஃபியூஸ் பக்கம் முதலில் பாருங்கள். ஒன்று முன்பே போய், கவனிக்காமல் ஓட்டிக்கொண்டிருந்து, இரண்டாவதும் போயிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். கழற்றிய பல்பில் இழை அறுந்திருந்தாலோ கண்ணாடி கருத்திருந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. உள்ளே பால்போல வெள்ளை படிந்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது, அதாவது கண்ணாடியில் எங்கோ விரிசல். இழை முழுசாக இருக்கிறது, ஆனால் எரியவில்லை என்றால், நன்றாக எரியும் பக்கத்துப் பல்பை இங்கே மாட்டிப் பாருங்கள். செலவில்லாத சோதனை இது.

பல்பின் வகை அதன் அடிப்பகுதியிலும் காரின் கையேட்டிலும் இருக்கும். எச்4 என்றால் ஒரே பல்புக்குள் பிரைட், டிம் இரண்டுக்கும் தனித்தனி இழை, 60/55 வாட். எச்7, எச்11 இரண்டும் ஒற்றை இழை, 55 வாட். சில கார்களில் டிம்முக்கு ஒரு வகை, பிரைட்டுக்கு வேறு வகை இருக்கும். அதனால் அணைந்தது எது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அதே வாட்டில் ஜோடியாக வாங்குவது நல்லது. இரண்டும் ஒரே நாளில் மாட்டியவை என்றால் மற்றதும் சீக்கிரம் போகும். இன்னும் எரிகிற பழையதை அவசரத்துக்கு வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

கழற்றுவதற்கு முன் ஒரு வேலை. சமதளத்தில் காரைச் சுவரை நோக்கி நிறுத்தி, டிம்மில் வைத்து, எரிகிற பக்கத்தின் ஒளி மேலே எந்த உயரத்தில் முடிகிறது என்று சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். புது பல்பு நேராக உட்கார்ந்ததா என்பதை இந்தக் கோடுதான் சொல்லும்.

பிறகு எஞ்சினையும் விளக்கையும் அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, கால் மணி நேரம் ஆறவிடுங்கள். பின்பக்கம் கை நுழையாவிட்டால் பேட்டரியையோ ஏர்ஃபில்டர் பெட்டியையோ நகர்த்த வேண்டியிருக்கும். பேட்டரி என்றால் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். சில கார்களில் சக்கர வளைவுக்குள் ஒரு மூடி வழியாகத்தான் வழி. எட்டிப் பார்க்க முடியாத இடத்தில், கழற்றும் முன் கைபேசியை உள்ளே நீட்டி ஒரு படம் எடுத்துக்கொண்டால் கிளிப் எப்படி நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

எச்4-இல் கப்ளர் முதலில் வரும், பிறகு ரப்பர் மூடி, அதன் பிறகு கம்பிக் கிளிப். கப்ளரின் உடலைப் பிடித்து நேராக இழுங்கள்; வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே டெர்மினல் (வயர் முனையின் உலோகப் பிடி) கழன்றுவிடும். கிளிப்பை உள்நோக்கி அழுத்தி, பக்கவாட்டில் நகர்த்தினால் விடும். எச்11 போன்றவை பிளாஸ்டிக் அடியோடு திருகிக் கழற்றுபவை, கிளிப் இருக்காது.

புது பல்பின் கண்ணாடியைத் தொடக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. அது குவார்ட்ஸ். எரியும்போது பல நூறு டிகிரி சூடேறும். விரலின் உப்பும் எண்ணெயும் பட்ட இடத்தில் குவார்ட்ஸ் தன் இயல்பு மாறி, வெளுத்து, பலவீனமாகிவிடும். உள்ளே வாயு அழுத்தத்தில் இருப்பதால் அந்த இடத்தில் வெடிக்கவும் கூடும். தவறிப் பட்டுவிட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள்.

இனி உட்காரவைப்பது. எச்4-இன் வளையத்தில் மூன்று காதுகள் உண்டு, அதில் அகலமானது மேலே வர வேண்டும். டிம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருப்பதைப் பாருங்கள். கீழ்ப்பாதிப் பிரதிபலிப்பானில் ஒளி பட்டால் அது மேல்நோக்கித் திரும்பி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். அதைத் தடுக்கத்தான் இந்தக் கிண்ணம். பல்பு கொஞ்சம் சாய்ந்தாலும் அந்தத் தடுப்பு பயனற்றுப்போகும். காதுகள் பள்ளத்தில் முழுதாக இறங்கி, பல்பு ஆடாமல் நின்ற பிறகே கிளிப்பைப் போடுங்கள். கிளிப் முரண்டுபிடித்தால் பல்பு சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம், கிளிப்பை வளைக்காதீர்கள்.

கப்ளரை மாட்டும் முன் அதன் உள்பக்கத்தை நன்றாகப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பாகவோ உருகியோ இருந்தால், டெர்மினல் பச்சை பிடித்திருந்தால், புது பல்பு எதையும் தீர்க்காது. பிடி தளர்ந்த டெர்மினலில் மின்தடை கூடும், அங்கே சூடு பிறக்கும், சூட்டில் பிடி இன்னும் தளரும். ஒளியும் குறையும். பல்புக்குப் போகும் மின்னழுத்தத்தில் 1 வோல்ட் விழுந்தாலே வெளிச்சத்தில் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும். மீட்டரால் பார்ப்பவர்கள் பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது கப்ளரின் பின்புறத்தில் அளக்க வேண்டும். கப்ளரைக் கழற்றி அளந்தால் துருப்பிடித்த இணைப்புகூட முழு வோல்ட்டையும் காட்டி ஏமாற்றும். கருகிய கப்ளருக்குப் பதில் செராமிக் கப்ளரை வயரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.

இதே காரணத்தால் 100/90 வாட் பல்பை நேரடியாக மாட்டுவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். டிம்மில் 55 வாட்டுக்கு ஒரு பல்பு சுமார் நாலரை ஆம்பியர் இழுக்கும், 90 வாட்டுக்கு ஏழரை. அந்தச் சுமைக்கு அந்த வயரும் சுவிட்சும் செய்யப்படவில்லை. நீலப் பூச்சுள்ள பல்புகளும் வேண்டாம். பூச்சு ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். ஹாலஜனுக்காகச் செய்த விளக்கில் எல்இடி பல்பைப் போட்டால் ஒளி பிறக்கும் இடம் மாறி, வெளிச்சம் சிதறும்.

பல்புகள் அடிக்கடி போகின்றனவா? எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் அளந்து பாருங்கள். 15 வோல்ட்டைத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் (பேட்டரியை சார்ஜ் செய்யும் மின்னாக்கியின்) மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் சந்தேகிக்கலாம். மின்னழுத்தம் 5 சதவீதம் கூடினாலே ஹாலஜனின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

மாட்டி முடித்ததும் டிம், பிரைட் இரண்டையும் போட்டு, சுவரில் போட்ட கோட்டோடு ஒப்பிடுங்கள். புதிய பக்கம் மட்டும் மேலே ஏறியிருந்தால் ஒளியின் உயரத்தைச் சரிசெய்யும் திருகைத் திருப்ப அவசரப்படாமல், பல்பைக் கழற்றி மறுபடி உட்காரவையுங்கள். மாட்டும் முன் சரியாக இருந்த விளக்கு, பல்பு நேராக இருந்தால் சரியாகத்தான் அடிக்கும்.

ரப்பர் மூடியின் உதடு சுற்றிலும் பள்ளத்தில் இறங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மேல்பக்கம் எது என்று அதிலேயே குறியிருக்கும். மழைக்குப் பிறகு கண்ணாடி ஓரத்தில் லேசாக மூடுபனி படிந்து, விளக்கைப் போட்டதும் மறைந்தால் கவலையில்லை. துளித்துளியாக வழிந்தால் அந்த மூடியைத்தான் மறுபடி திறந்து பார்க்க வேண்டும்.