தபால் கவுண்ட்டர்: இந்த மாதக் கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கமும் மாறி மாறித் தபால் கவுண்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன். சேமிப்புக் கணக்கு, செல்வமகள், வட்டி விகிதம் எல்லாம் என்னிடம் கேட்காதீர்கள்; நான் பை கட்டிய ஆள், பாஸ்புக் போட்ட ஆள் இல்லை. இன்னொன்று, ரசீதை வாங்கியதும் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். இதை இன்று எத்தனை முறை சொல்லப் போகிறேனோ தெரியாது.

கூத்தப்பாக்கத்திலிருந்து: பதிவுத் தபாலை ஒழித்துவிட்டார்களாமே, உண்மையா ஐயா?

தனிச் சேவையாக இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். அக்டோபர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட்டுக்குப் புதுக் கட்டணமும் வந்தது. 2012க்குப் பிறகு இப்போதுதான் மாற்றியிருக்கிறார்கள். பதிவு என்பது இப்போது மேலே ஏற்றிக்கொள்ளும் ஒரு வசதி. 5 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும் கொடுத்தால் கிடைக்கும்.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். வெறும் ஸ்பீட் போஸ்ட் விலாசத்துக்குப் போகும்; அந்த வீட்டில் யார் கையெழுத்துப் போட்டாலும் கொடுத்துவிடலாம். பதிவு சேர்த்தால் பெயருக்கு உரியவரிடமோ, அவர் எழுதிக் கொடுத்து அனுப்பிய ஆளிடமோதான் கொடுக்க வேண்டும். கவுண்ட்டரில் கவரை நீட்டிவிட்டுப் பேசாமல் நின்றால் வெறும் ஸ்பீட் போஸ்ட்தான் போடுவார்கள். "ரிஜிஸ்ட்ரேஷன் சேர்த்துப் போடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஓடிபி சொன்னால்தான் பட்டுவாடா என்ற வசதியும் உண்டு, அதற்கும் தனியாக 5 ரூபாய்.

விலை ஏறிவிட்டது என்று புலம்புவது பாதி நியாயம். 20 கிராம் பதிவுத் தபால் முன்பு வரியோடு 25 ரூபாய் 96 காசு. இப்போது வெளியூருக்கு 50 கிராம் வரை 47, பதிவுக்கு 5, வரி சேர்த்து 61 ரூபாய் 36 காசு. இது வலிக்கத்தான் செய்யும். ஆனால் 250 கிராம் பத்திரக் கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கில் 20 கிராமுக்கு 5 ரூபாய் வீதம் 65, பதிவு 17, வரியோடு 96 ரூபாய் 76 காசு. இப்போது 200 கிலோமீட்டருக்குள் 59ம் 5ம் வரியும் சேர்ந்து 75 ரூபாய் 52 காசுதான். ஒற்றைத் தாள் அனுப்புகிறவனுக்கு நஷ்டம், கட்டு அனுப்புகிறவனுக்கு லாபம்.

திருப்பாதிரிப்புலியூர் வழக்கறிஞர்: பொதுப் பிரிவுகள் சட்டம் 27ஆவது பிரிவு "பதிவுத் தபால்" என்றுதான் சொல்கிறது. இனி நான் அனுப்பும் நோட்டீஸ் என்ன ஆகும்?

வக்கீல் சார், இது உங்கள் கடை, என் கடை இல்லை. இருந்தாலும் கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். சரியான விலாசம் எழுதி, கட்டணம் கட்டி, பதிவில் அனுப்பினால் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்தப் பிரிவின் சாரம். அதனால்தான் நோட்டீஸ் என்றால் அந்த 5 ரூபாயில் மிச்சம் பிடிக்காதீர்கள் என்கிறேன். ரசீதில் பதிவு ஏறியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். வாங்கியவர் கையெழுத்துக்குச் சாட்சியான ஒப்புகையும் கேளுங்கள்.

பாகூர்: எங்கள் ஊர் புதுச்சேரி. பின்கோடு 607ல் தொடங்குகிறது. ஆன்லைனில் போட்டால் கடலூர் மாவட்டம், தமிழ்நாடு என்று தானாக விழுகிறது. எந்தத் தபாலகத்தில் மாற்றச் சொல்வது?

எங்கும் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். நல்ல கேள்வி, கொஞ்சம் உட்கார்ந்தே பதில் சொல்கிறேன்.

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. அது மாநில எல்லையைப் பார்த்துப் போட்டதில்லை, தபால் பை எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துப் போட்டது. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி, லட்சத்தீவு. முதல் மூன்று எண் தபால் பிரிக்கும் வட்டாரம். பாகூருக்குப் பை கடலூர் வழியாக வந்தது, அதனால் 607. அந்தப் பக்கம் பாருங்கள், விழுப்புரம் தமிழ்நாடு, ஆனால் 605. ஆரோவில்லும் 605தான். காரைக்கால் 609. மாஹே கேரளப் பையில் 673, ஏனாம் ஆந்திரப் பையில் 533. பிரெஞ்சுக்காரன் துண்டு துண்டாக விட்டுப்போன ஊரைத் தபால்காரன் பக்கத்து வீட்டோடு சேர்த்துக் கட்டினான், அவ்வளவுதான்.

அந்த இணையதளம் எழுதியவருக்கு இது தெரியாது. மாநிலத்தைக் கையால் மாற்ற விட்டால் மாற்றுங்கள். விடாவிட்டால் பின்கோடு சரியாக இருந்தால் போதும், விலாச வரியில் "பாகூர், புதுச்சேரி" என்று எழுதுங்கள். மாநிலம் பொருந்த வேண்டும் என்று 605 போட்டால் கவர் புதுச்சேரி போய்ச் சுற்றிக்கொண்டு வரும்.

நெல்லிக்குப்பம்: ரிஜிஸ்தர் தபால் இனி இல்லையா சார்?

மேலே கூத்தப்பாக்கத்துக்குச் சொன்னதைப் பாருங்கள்.

முத்தியால்பேட்டை அம்மா: மகன் பாரிஸில் இருக்கிறான். ஊறுகாய், அப்பளம், வத்தல், கொஞ்சம் நெய், பால்கோவா அனுப்பலாமா?

நெய்யையும் பால்கோவாவையும் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள் அம்மா. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து வரும் பார்சலில் இறைச்சியும் பால் பொருளும் கூடாது. சுங்கத்தில் பிடித்தால் அதோடு முழுப் பெட்டியும் நிற்கும். அப்பளம், வத்தல் சரி. ஊறுகாயை எண்ணெய் கசியாமல் இரண்டு உறை போட்டுக் கட்டுங்கள். சுங்கப் படிவத்தில் "உணவுப் பொருள்" என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள். என்ன பொருள், எத்தனை, எவ்வளவு எடை, என்ன மதிப்பு என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். அடையாளச் சான்று நகல் கொண்டுபோங்கள். ரசீதை ஜெராக்ஸ் எடுங்கள்.

மஞ்சக்குப்பம்: மகள் கல்யாணப் பத்திரிகையை 5 ரூபாய்த் தலை ஒட்டி அனுப்பினேன். சொந்தக்காரர்கள் காசு கட்டி வாங்கியதாகக் குறைப்படுகிறார்கள்.

நாட்-பெய்டு, அதாவது தலை போதாத கவர் ஆகியிருக்கும். 5 ரூபாய் 20 கிராம் வரைதான். சாதாரண ஏ4 தாள் நாலு வைத்தாலே கவரோடு 20ஐத் தாண்டும். உங்கள் பத்திரிகை கெட்டி அட்டை, நடுவில் பிள்ளையார் வேறு. 42 கிராம் என்று வைத்துக்கொண்டால் மூடிய கவருக்கு 15 ரூபாய் ஆகும். 10 குறைகிறது. குறைந்ததைப் போல் இரண்டு மடங்கு, 20 ரூபாய், வாங்குகிறவரிடம் கேட்பார்கள். மொய்யில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மீதிப் பத்திரிகைகளைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

லாஸ்பேட்டை, சிற்றிதழ் நடத்துகிறவர்: பத்திரிகைகளுக்குக் காசுக் கணக்கில் சலுகைக் கட்டணம் உண்டாமே? எங்கள் இதழ் மூன்று மாதத்துக்கு ஒன்று.

பதிவு பெற்ற செய்தித்தாளுக்கு 50 கிராம் வரை 25 காசு என்பது உண்மை. ஆனால் இரண்டு இதழ்களுக்கு நடுவே 31 நாளுக்கு மேல் போகக்கூடாது. இது 1898 சட்டத்திலிருந்தே வரும் விதி. காலாண்டிதழ் அதில் ஏறாது. மாதம் ஒன்று கொண்டுவர முடியுமா பாருங்கள். முடிந்தால் எனக்கும் ஒரு பிரதி.

புத்தகம் அனுப்ப 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100, வரி தனி. தரைவழியாகப் போகும், நிதானமாகத்தான் சேரும், ஆனால் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் புத்தகத்தில் இருக்க வேண்டும். விளம்பரப் புத்தகம் கூடாது.

திருப்பாதிரிப்புலியூர் வழக்கறிஞர், மறுபடியும்: நீங்கள் சொன்னது போதாது. காசோலை வழக்கில் எதிர்த்தரப்பு "எனக்குப் பதிவுத் தபாலே வரவில்லை" என்றால்?

அவருக்கும் ஒரு படி மேலே போய் அரியாங்குப்பம் வியாபாரி: இதெல்லாம் வீண் செலவு. நான் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், நீல டிக் விழுந்தால் போதும்.

இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆவது பிரிவு "எழுத்து மூலம் நோட்டீஸ்" என்றுதான் கேட்கிறது. தபால் வகையே அதில் இல்லை. காசோலை திரும்பியதாக வங்கி சொன்ன நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். வாங்கியவர் பணம் கட்ட 15 நாள். பதிவு எதற்கு என்றால், "வரவில்லை" என்று அவர் சொன்னால் அது பொய் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழாமல் இருக்க. நீல டிக்கை அவர் அணைத்து வைத்திருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள், வியாபாரி ஐயா?

கவர் திரும்பி வந்தால் அதன் மேல் தபால்காரர் எழுதியதைப் படியுங்கள். "வாங்க மறுத்தார்" ஒன்று, "வீடு பூட்டி" வேறு, "விலாசத்தில் ஆள் இல்லை" வேறு. கடைசியது உங்கள் விலாசமே தப்பு என்று சொல்கிறது. அப்புறம், திரும்பி வந்த கவரைப் பிரிக்காதீர்கள்! ஆவலில் கிழித்து உள்ளே தன் நோட்டீஸையே படித்துப் பார்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒட்டியபடியே, முத்திரையோடு, வக்கீலிடம் கொடுங்கள்.

அரியாங்குப்பம் வியாபாரி: அப்படியென்றால் தபால் ரசீது மட்டும் சாட்சியா? கவரைத் தபாலில் போட்டதற்கு மட்டும் சான்று தந்த அந்தக் காலத்து யூபிசி மாதிரி?

யூபிசி 2011லேயே போய்விட்டது. ஒரு முத்திரை அடித்துக் கொடுப்போம், கவர் போனதா இல்லையா என்பதற்கு எங்களிடம் ஒன்றும் இருக்காது. இப்போது கவர் எங்கே இருக்கிறது என்று பார்க்க ரசீதில் 13 இடத்து எண் இருக்கிறது: இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டுக்கு இரண்டு எழுத்து. ஒன்பதாவது இலக்கம் மற்ற எட்டிலிருந்து கணக்குப் போட்டு வருவது. ஒரு எண்ணைத் தவறாக அடித்தால் பெரும்பாலும் "எண் செல்லாது" என்றே வரும், கவர் தொலைந்துவிட்டது என்று பதறாதீர்கள்.

என் மச்சான் நிலத் தகராறில் அனுப்பிய நோட்டீஸ் ரசீதை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்தான். சித்திரை வெயிலில் ஒரே மாதம், வெள்ளைத் தாளாக வந்து நின்றது. எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. ஜெராக்ஸ். ஜெராக்ஸ். ஜெராக்ஸ்.

வில்லியனூர்: பாட்டிக்கு மாதச் செலவுக்குக் கவரில் 500 ரூபாய் நோட்டு வைத்து அனுப்பலாமா?

கூடாது. மணி ஆர்டர் இருக்கிறது.

முதுநகர்: பார்வை இல்லாத தம்பிக்கு பிரெய்ல் புத்தகம் அனுப்ப?

தரைவழியாக 7 கிலோ வரை கட்டணமே இல்லை. பார்வையற்றோருக்கானது என்று கவர் மேல் எழுதி, சோதித்துப் பார்க்க வசதியாகக் கட்டுங்கள். ஐந்து பேருக்காவது இதைச் சொல்லுங்கள். நான் கவுண்ட்டரில் இருந்தபோது காசு எடுத்து நீட்டியவர்களே அதிகம்.

சிதம்பரம் மாணவி: ஸ்பீட் போஸ்ட்டில் சலுகை?

10 சதவீதம். அடையாள அட்டை எடுத்துப் போ, தங்கச்சி.

புதுச்சேரி: தாத்தா பெட்டியில் பிரெஞ்சிந்தியத் தபால்தலை ஒட்டிய கவர் இருக்கிறது. என்ன விலை போகும்?

எனக்கு எடை பார்க்கத்தான் தெரியும். சேகரிப்பவர்களைக் கேளுங்கள். அதுவரை தண்ணீரில் ஊறவைத்துத் தலையைப் பிரிக்காதீர்கள்.

பண்ருட்டி: பதிவுத் தபால் நின்றுவிட்டது என்கிறார்களே, இனி எப்படி…

மேலே.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஸ்பீட் போஸ்ட் உள்ளூர்க் கட்டணம்தானே? பக்கத்து ஊர்தானே?

உள்ளூர் என்றால் ஒரே ஊருக்குள். அதற்கு 50 கிராம் வரை 19, வரியோடு 22 ரூபாய் 42 காசு. தென்பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிப் புதுச்சேரிக்குப் போனாலும் 47, வரியோடு 55 ரூபாய் 46 காசு. பாகூர்க்காரரிடம் கொடுத்து அனுப்புங்கள், அவர் எப்படியும் இரண்டு பக்கமும் போகிறவர்.