கூடலூரில் இருந்துகொண்டு பாராலீகல் சான்றிதழ் படித்தால் போட்ட பணம் திரும்புமா?

கேட்டவர் பி.காம். முடித்துவிட்டு நீலகிரி மாவட்டக் கூடலூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் மாதம் 9,000 ரூபாய்க்கு இருக்கிறார். ஆறு மாத ஆன்லைன் பாராலீகல் (வக்கீலுக்குச் சட்ட வேலையில் உதவுபவர்) சான்றிதழுக்கு 32,000 ரூபாய் கேட்கிறார்களாம், சேரலாமா என்கிறார்.

அந்தப் பணத்தை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். நானும் இந்தப் பக்கத்தில் வக்கீல் குமாஸ்தாதான். 2018-இல் 20,000 ரூபாய் கட்டி இதே மாதிரி ஒரு படிப்பு படித்தேன். அப்போது என் சம்பளம் 7,500. ஆடி மாதம் தேவாலாப் பக்கம் மழை பிடித்தால் கரண்ட் எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும், பாதி வகுப்பு அதில் போயிற்று. ஒருவழியாகச் சான்றிதழ் கூரியரில் வந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். வக்கீல் சார் கண்ணாடியைப் போட்டு முழுசாக வாசித்தார். "நல்லதும்மா" என்று சொல்லிவிட்டு, மறுநாள் வாய்தாவுக்கான கேஸ் கட்டை எடுத்து வைக்கச் சொன்னார். சம்பளம் அதே 7,500.

அவர் மேல் தப்பில்லை. அமெரிக்காவில் பாராலீகல் என்பது தனித் தொழில், அதற்கென்று தனிப் படிப்பும் தேர்வும் உண்டு. விளம்பரங்களில் காட்டும் சம்பளம் பெரும்பாலும் அந்த ஊர்க் கணக்கு. நம் நாட்டில் 1961-ஆம் வருட வழக்கறிஞர்கள் சட்டப்படி வக்கீலாகப் பதிவு செய்தவர்தான் தொழில் நடத்த முடியும். சான்றிதழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வக்காலத்தில் நம் கையெழுத்து செல்லாது. சான்றிதழ் இல்லாத குமாஸ்தா செய்யக்கூடாது, இருப்பவர் செய்யலாம் என்று கோர்ட்டில் எந்த வேலையும் எனக்குத் தெரிந்து இல்லை. அப்புறம் எதற்காகக் கூட்டித் தருவார்?

என் சம்பளம் ஏறியது வேறு இரண்டு விஷயத்தால். ஒன்று டைப்ரைட்டிங். அரசுத் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. தமிழ் ஹையர் முடித்ததும் மனுக்களை நானே அடிக்க ஆரம்பித்தேன், வெளியே ஜாப் டைப்பிங்குக்குப் போன காசு ஆபீஸில் மிஞ்சியது. சார் கேட்காமலே 1,500 கூட்டினார். டிஎன்பிஎஸ்சி தட்டச்சர் பதவிக்கும் இதே சான்றிதழ்தான் உதவும் என்பது கூடுதல் லாபம்.

இன்னொன்று மலையாளம். சிரிக்காதீர்கள். கூடலூர் நிலமெல்லாம் ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்மம், அதாவது பரம்பரைச் சொத்து. 1969-இல் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தும் அதன் செக்ஷன் 17-இல் வரும் தோட்டக் குத்தகை நிலங்களின் பஞ்சாயத்து இன்னும் தீரவில்லை. கட்சிக்காரர்கள் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வரும் பழைய குத்தகைக் காகிதம் மலையாளத்தில் இருக்கும். அம்மாவின் ஊர் வயநாடு என்பதால் எனக்கு அது வாசிக்க வரும். இதை எந்தப் பாராலீகல் பாடத்திட்டத்திலும் நான் பார்த்ததில்லை, என் ஆபீஸில் எனக்கு இருக்கும் மரியாதையில் பாதி இதனால்தான்.

உங்கள் கணக்குக்கு வருவோம். 32,000 என்றால் உங்களுக்கு மூன்றரை மாதச் சம்பளம். சான்றிதழுக்காக மாதம் 1,000 கூடினால்கூட போட்டதை எடுக்கவே 32 மாதம். கூடாவிட்டால் என் கதைதான்.

சட்டம் கற்றுக்கொள்ளவே ஆசை என்றால் காசில்லாத வழி இருக்கிறது. தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2009-இல் கொண்டுவந்த திட்டத்தில் சட்டத் தன்னார்வலர்களை எடுத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஊட்டியில் மாவட்ட ஆணைக்குழுவில் விசாரியுங்கள். வேலை பார்க்கும் நாளுக்கு மதிப்பூதியம் மட்டும்தான், மாதச் சம்பளம் கிடையாது. ஆனால் முதியோர் பென்ஷன், குடும்ப வன்முறை, வன உரிமை மனு என்று ஒரு மாதத்தில் பழகுவது ஆறு மாத வீடியோவில் வராது. காகிதமும் வேண்டும் என்றால் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருட பாராலீகல் டிப்ளமோ உண்டு, பிளஸ் டூ போதும். இந்த வருடக் கட்டணத்தைப் பார்த்து அந்த 32,000-த்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர், பெங்களூர் கம்பெனிகளில் ஒப்பந்தம் பார்க்கும் வேலைக்குப் போகப்போகிறீர்கள், இங்கிலீஷும் நன்றாக வரும் என்றால் என் பதில் கொஞ்சம் மாறும். அங்கே ரெஸ்யூமேயில் ஒரு வரி உதவலாம். ஆனால் பட்டதாரிக்கு மூன்று வருட எல்எல்பி திறந்திருக்கும்போது அதையும் யோசியுங்கள். தபாலில் படித்தால் பார் கவுன்சில் ஏற்காது, மலையிறங்கித்தான் ஆக வேண்டும், மூன்று வருடச் சம்பளம் போகும். அது பெரிய செலவுதான், ஆனால் முடிவில் கவுன் கிடைக்கும். பதிவுக் கட்டணம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று 2024-இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

எதற்கும் பணம் கட்டும் முன் உங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "இதை முடித்தால் எவ்வளவு சார் கூட்டுவீங்க?" நான் இதைக் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் 20,000 கட்டினேன்.